பஞ்சுமில் ரோட்டில் பச்சைப் பாதை

இவ்வளவு பச்சையாக அடிக்கச் சொல்லி உன்னிடம் யார் வந்து அழுதது, செய்கிறதைக் கொஞ்சம் யோசித்துச் செய்ய மாட்டாயா, ஒரு வியாபாரியின் முகத்தை நடுரோட்டில் வைத்துக் காட்டிக்கொடுக்கிற வேலைதானே இது, என்று தனபாக்கியம் இந்த ரோட்டை வரைந்த, பெயர் தெரியாத அந்த ஆளைப் பிடித்துத் திட்டினாள். மனசுக்குள்தான். வாயைத் திறந்தால் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்காலுக்குப் பஞ்சுமில் கேட்டுக்கு எதிரே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேரியரில் இரண்டு பக்கமும் எவர்சில்வர் தூக்குவாளிகள், மேலே கவிழ்த்துக் கயிறு போட்டுக் கட்டிய பெரிய நீலப் பேசின், ஹேண்டில்பாரில் பழைய துணி போடுகிற சாக்கு. முன்னால் ரோடு. ரோட்டின் இடது ஓரத்தில், போன வாரம் வரைக்கும் மணலும் எச்சிலும் உடைந்த பாட்டிலும் கிடந்த இடத்தில், ஒரு பச்சை. புதுப் பிளாஸ்டிக் குடத்தை உறையிலிருந்து உரித்ததும் ஒரு பளபளப்பு வருமே, அந்தப் பச்சை. அதற்கு வலது பக்கம் வெள்ளையாக ஒரு கோடு, கையகலத்துக்கு. பச்சைக்கு நடுவில் வெள்ளையில் ஒரு சைக்கிள் படம். அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அதனால் முகத்தை இறுக்கிக்கொண்டாள். முப்பத்தோரு வருஷமாகத் தெருத்தெருவாகப் போய்ப் பழைய துணிக்குப் பாத்திரம் போடுகிறவள் அவள். அந்தத் தொழிலில் பிடித்த பொருளைப் பிடித்ததாகக் காட்டினால் கதை முடிந்தது. முதல் வருஷம், பத்தொன்பது வயதில், கட்டினவன் விட்டுவிட்டுப் போன மூன்றாம் மாதம், ஒரு வீட்டில் நீட்டிய சேலையைப் பார்த்து “அய்யோ, புதுசு மாதிரி இருக்கே” என்று சொல்லித் தொலைத்தாள். அந்த வீட்டுக்காரி உடனே சேலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, அப்படியானால் குக்கர் கொடு என்றாள். அன்றைக்குப் படித்தது. பள்ளிக்கூடத்தில் நாலாப்பு, மீதி எல்லாம் ரோட்டில். அதற்கப்புறம் எப்படிப்பட்ட துணி வந்தாலும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நாக்கைச் ச்சொச் என்று தட்டி, முந்தி நைந்திருக்கிறது, கரை வெளுத்திருக்கிறது, இடுப்புப் பக்கம் இற்றிருக்கிறது என்று நாலு குற்றம் சொல்லாமல் அவள் பேசினைக் கீழே இறக்கினதே இல்லை.

“பாதையை ஓட்டிப் பாத்துச் சொல்ல அஞ்சு பேருக்குப் போன் பண்ணுனேன்மா. நீங்க ஒருத்தர்தான் வந்திருக்கீங்க” என்றான் நவநீதன். மாநகராட்சியின் இளம் இன்ஜினியர். இருபத்தாறு இருபத்தேழு வயது இருக்கும், கழுத்தில் அடையாள அட்டை. மோட்டார் பைக்கில் உட்கார்ந்தபடியே, எழுதுகிற அட்டையில் செருகின ஒற்றைக் காகிதத்தால் விசிறிக்கொண்டிருந்தான்.

“மத்த நாலு பேரு எங்க?”

“ஒருத்தருக்குக் காய்ச்சலாம். ஒருத்தர் சைக்கிளை வித்துட்டாராம். ரெண்டு பேர் எடுக்கவே இல்ல.”

“அப்ப என் ஒரு வாய்தான் அஞ்சு வாயி.”

“ஆமா. நீங்க சொல்றதுதான் ரிப்போர்ட். பத்து மணிக்கு மேடம் டேபிள்ல இருக்கணும். பாதையை வச்சுக்கிறதா, கறுப்படிச்சு அழிச்சுடறதான்னு இன்னைக்கே முடிவு. வண்டி நிப்பாட்ட இடமில்லன்னு கடைக்காரங்க எல்லாரும் சேர்ந்து எழுதிக் குடுத்துட்டாங்க.” பேசினைப் பார்த்தான். “லோடு எதுக்கும்மா? சும்மா ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்தாப் போதுமே.”

“சும்மா ஓட்டுறதுக்கு நான் என்ன பார்க்குக்கா வந்திருக்கேன்? என் பொழப்பு எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்தோடதான் ஓட்டிப் பாப்பேன்” என்றாள் தனபாக்கியம். ஏறி மிதித்தாள்.

மிதித்த முதல் மிதியிலேயே டயரின் சத்தம் மாறிவிட்டது. தார் ரோட்டில் கரகரவென்று பேசுகிற டயர் பச்சையில் ஏறினதும் வாயை மூடிக்கொண்டு உம்ம்ம் என்றது. பெயிண்ட் வாசம், பொங்கலுக்கு முன்னால் எதிர்வீட்டுக் கதவுக்கு அடிப்பார்களே அந்த வாசம், மூக்கில் ஏறி மூளைக்குப் போய்ச் சிரித்தது. சிரிக்காதே என்று முகத்துக்குச் சொன்னாள், பையன் பின்னால் பைக்கில் வருகிறான், எட்டிப் பார்த்தால் எல்லாம் தெரியும். அகலம் பார்த்தாள். பேசினின் இடது விளிம்புக்கும் நடைபாதைக் கல்லுக்கும் நடுவில் ஒரு முழம், வலது விளிம்புக்கும் வெள்ளைக் கோட்டுக்கும் நடுவில் ஒரு முழம். இரண்டு முழம் சும்மா கிடக்கிறது, யாருக்கு, எனக்கு. இந்த ஊரில் எனக்கென்று சும்மா ஒரு முழம் எவன் விட்டிருக்கிறான், பஸ்ஸில் ஏறினால் பேசினுக்கு இடமில்லை என்பான், குழாயடியில் ஒதுங்கு என்பார்கள், சந்தில் போனால் ஆட்டோக்காரன் முழங்காலை உரசிக்கொண்டு போய்விட்டு நம்மைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொல்வான், அவளும் விட மாட்டாள், அவன் சொன்னதற்கு இரட்டிப்பாகக் கொடுத்து அனுப்புவாள், ஆனால் முழம் வருமா, வராது. இங்கே இரண்டு முழம், படம் போட்டு, பச்சை அடித்து. யாரடா நீ, எந்த ஆபீசில் உட்கார்ந்து இதை வரைந்தாய், நல்ல வயிற்றில் பிறந்திருக்கிறாய் போ. என்ன இது, திட்ட ஆரம்பித்து வாழ்த்திக்கொண்டிருக்கிறேன். மிதி. பின்னால் பைக் சத்தம் ரொம்பப் பக்கத்தில் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். நவநீதன் பச்சை மேலேயே பைக்கை ஓட்டிக்கொண்டு வந்தான்.

“ஏன் தம்பி, அந்தப் படத்துல என்ன போட்டிருக்கு? புல்லட்டா போட்டிருக்கு?”

“இல்லம்மா, நான் இன்ஸ்பெக்சனுக்குத்தானே—”

“இறக்குயா அங்கிட்டு!”

அவன் கோட்டுக்கு வெளியே இறங்கினான். அவளுக்கு வந்த சந்தோஷத்தில் பெல்லை நாலு தரம் அடித்தாள். யாரும் குறுக்கே வரவில்லை, சும்மாதான் அடித்தாள். கேட்டாயாடி அன்னக்கொடி, ஒரு ஆபீசரை ரோட்டை விட்டு இறக்கிவிட்டேன். அன்னக்கொடி என்ற பெயர் வந்ததும் கால் தானாக ஒரு சுற்று மெதுவானது. பதினைந்து வருஷமாக இதே ரோட்டில் பின்னாலேயே வந்தவள், வயதில் ஆறு வருஷம் சின்னவள், தனபாக்கியம் ஒரு வீட்டில் சண்டை பிடித்துவிட்டு வந்தால் அடுத்த நாள் அதே வீட்டுக்குப் போய்ச் சிரித்தே துணி வாங்கிவந்துவிடுகிறவள். போன ஐப்பசி. தூறல். இரண்டு பேரும் நிறை லோடு. பின்னால் டவுன் பஸ் ஹாரன் அடித்தான், அடித்தான், அடித்துக்கொண்டே வந்தான். முன்னால் போய்க்கொண்டிருந்த தனபாக்கியம் திரும்பாமலே கத்தினாள், ஓரமா வாடி, ஓரமா வாடி. பின்னால் வருகிறவளுக்கு முன்னால் போகிறவள்தான் கண். அவள் சொன்னால் அன்னக்கொடி கேட்பாள். ஓரமாகப் போனாள். ஓரத்தில் மழைத்தண்ணீர் இறங்குகிற கம்பி மூடி. கம்பியெல்லாம் ரோடு போகிற வாக்கில் நீளநீளமாக, கம்பிக்குக் கம்பி இரண்டு விரல் இடைவெளி, சைக்கிள் டயருக்கு அளவெடுத்து வைத்த மாதிரி. முன்சக்கரம் அதற்குள் இறங்கி நின்றுவிட்டது. சைக்கிள் நின்றது, அன்னக்கொடி நிற்கவில்லை. அப்புறம் அந்தச் சத்தம். ஐம்பது அறுபது பாத்திரம் ஒரே நேரத்தில் ரோட்டில் விழுந்து உருண்டு, ஒரு சம்படத்து மூடி மட்டும் நிற்காமல் சுற்றிச் சுற்றிச் சுற்றி. வேண்டாம், இப்போது அது வேண்டாம், பச்சையைப் பார், இரண்டு முழம் பார், வெயில் எப்படி விழுகிறது பார்.

முன்னால் ஒரு கழுகுப் பார்வை, பின்னால் ஒரு காது, அப்படித்தான் ரோட்டில் பிழைத்தாள். அந்தக் காதில் இப்போது டவுன் பஸ் விழுந்தது. உள்ளங்கை வேர்த்து ஹேண்டில்பார் ரப்பர் வழுக்கியது. வருகிறான், வருகிறான், ஹாரனில் கையை வைத்துவிட்டான், இறங்கிவிடலாமா, ஓரமாய் ஒதுங்கலாமா, ஓரமா வாடி ஓரமா வாடி, வாயை மூடு தனம், நீ எதற்கு ஒதுங்குகிறாய், இது உன் இடம், கோடு போட்டிருக்கிறது, அவனுக்குக் கண் இருந்தால் தெரியும், கண் இல்லாவிட்டால், கண் இல்லாவிட்டால் என்ன செய்வாய், மிதி, நேராக மிதி. பஸ் பக்கத்தில் வந்தது. சக்கரம் அவள் காதுக்கு நேராக உருண்டது. வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம். கோட்டைத் தொடவில்லை. தொடவே இல்லை! டிரைவர் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒரு ஒடி ஒடித்ததை அவள் தன் கண்ணால் பார்த்தாள். தகரமும் கண்ணாடியும் புகையும் நாற்பது தலையுமாக அந்தப் பெரிய பஸ், ஒரு பேசின்காரிக்காக ஒதுங்கிப் போனது. அடக்க முடியவில்லை. “போடா ராசா, போ!” என்று கத்திவிட்டாள். ஜன்னலோரத்தில் இருந்த ஒரு பிள்ளை கையை ஆட்டியது. அவளும் ஆட்டினாள். அட, சைக்கிளில் ஒரு கையை விட்டு ஆட்டி எத்தனை வருஷமாயிற்று, ஆட்டியிருக்கிறேனா எப்பவாவது, இரண்டு கையும் பிடித்துக்கொள்ளத்தானே இருந்தது. பெயிண்ட். வெறும் பெயிண்ட்தான். சுவர் இல்லை, கம்பி வேலி இல்லை, ஒரு வெள்ளைப் பெயிண்டுக்குப் பஸ் பயப்படுகிறது என்றால் இதை முப்பது வருஷத்துக்கு முன்னால் அடிக்க உங்களுக்கு என்னடா கேடு.

கண்ணாடிக்கடை ஸ்டாப் வந்தது. பச்சை மேல் டீக்கடை பெஞ்சின் இரண்டு கால் ஏறி நின்றது. அதில் நாலு பேர். கல்லாவிலிருந்து டீக்கடைக்காரர் ஒச்சப்பன் கழுத்தை நீட்டினார். தனபாக்கியத்தை இருபது வருஷமாகத் தெரிந்தவர், அதனால் வாய் சும்மா இருக்காது.

“என்னக்கா, ரோட்டையும் பழைய துணிக்கு வாங்கப் போறீகளா?”

“ஆமாய்யா, வாங்கிட்டேன். உன் பெஞ்சு என் ரோட்டுல நிக்குது, எடு.”

“ரோடு எப்படிக்கா, கிழிசல் இல்லாம இருக்கா?”

“உன் டீ மாதிரிதான். கலரு மட்டும் இருக்கு.”

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள், பெஞ்சு பின்னால் போனது. ஆனால் ஒச்சப்பன் விடவில்லை. “எழுதிக் குடுத்தாச்சுக்கா, அடுத்த வாரம் கறுப்படிச்சிருவாய்ங்க. அதுவரைக்கும் ஓட்டிக்கங்க” என்றார். அவள் மனசுக்குள் நாள் எண்ணினாள். அடுத்த வாரம் திங்கட்கிழமை. திங்கட்கிழமைதான் அன்னக்கொடி வருகிறேன் என்றிருக்கிறாள். தொடையில் கம்பி வைத்து, தைத்து, ஆறு மாதம் படுத்து, எழுந்து நடந்து, இனிமேல் சைக்கிள் மிதிக்கலாம் என்று டாக்டரே சொன்ன பிறகும் அவள் சைக்கிள் பக்கம் போகவில்லை. ஸ்டாண்டு போட்டு நிறுத்தின சைக்கிளைத் துடைக்கக் கூட மாட்டாள். தனபாக்கியம் கத்திப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், ஒரு நாள் தரதரவென்று கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தாள். அன்னக்கொடி சிரித்துக்கொண்டே, “ரோட்டுல எனக்குன்னு தனியா ஒரு கோடு போடச் சொல்லுக்கா, மறுநாளே வர்றேன்” என்றாள். அவள் சொன்னது விளையாட்டுக்கு. வர மாட்டேன் என்பதைத்தான் அப்படிச் சொன்னாள். தனபாக்கியத்துக்கு அது விளையாட்டு இல்லை, அது விலை. ஒருத்தி வாயால் விலை சொல்லிவிட்டாள் என்றால் முடிந்தது, அதைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைக்க வேண்டியது நம் வேலை. மாநகராட்சி ஆபீசில் பதினோரு திங்கட்கிழமை மனுக் கொடுத்தாள். பன்னிரண்டாவது திங்கட்கிழமை அந்த வராந்தாவில் நின்று கரண்டியால் பேசினைத் தட்டினாள், உள்ளே இருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து வருகிற வரைக்கும் தட்டினாள். இந்தப் பச்சை அந்தக் கரண்டிச் சத்தத்தில் வந்ததா, தானாக வந்ததா, தெரியாது, தன்னால்தான் வந்தது என்று வைத்துக்கொண்டாள். நேற்று ஓடிப்போய்ச் சொன்னபோது அன்னக்கொடி ஸ்டாண்டில் நின்ற சைக்கிளைப் பார்த்தாள். அப்புறம், திங்கக்கிழமை காலைல ஆறு மணிக்குக்கா, என்றாள். பயம்தான், ஆனால் சொல்லிவிட்டாள்.

கண்ணாடிக்கடையைத் தாண்டினதும் பெடல் லேசாக ஓடிற்று, ரோடு கொஞ்சம் சரிவு. சரிவில் காற்று முந்தானையைப் பிடித்து விளையாடியது. அப்போது முன்சக்கரம் கடக் என்றது. கை உதறி, பேசின் குதித்து, தூக்குவாளிகள் ஒன்றோடொன்று மோதின. பிரேக் பிடித்துக் காலை ஊன்றி நின்றுவிட்டாள். என்ன அது, பள்ளம் எங்கே, தெரியவில்லையே, எல்லாம் பச்சையாகத்தானே இருக்கிறது. குனிந்து பார்த்தாள். பச்சைக்குள் பச்சையாக ஒரு கம்பி மூடி. மேலேயே அடித்திருக்கிறான். கம்பி, சட்டம், இடைவெளியின் விளிம்பு, எல்லாவற்றின் மேலும் ஒரே பச்சை. போன ஐப்பசியிலாவது அது கறுப்பாக வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது, கண் தெரிந்தவள் ஒதுங்கலாம். இப்போது அதற்கும் மேக்கப் போட்டு ஒளித்து வைத்திருக்கிறான். அவளுடைய டயர் கொஞ்சம் சாய்வாக ஏறினதால் தப்பித்தது, நேராக ஏறியிருந்தால் இறங்கியிருக்கும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பி மில் கேட் வரைக்கும் நடந்தாள், நவநீதன் என்னம்மா என்னம்மா என்று கூடவே பைக்கை உருட்டினான். வரிசையாகப் பார்த்தாள். மில் கேட் பக்கத்து முதல் மூடியில் கம்பி குறுக்கே இருந்தது. குறுக்கே இருந்தால் டயர் அதன் மேல் டடடட என்று ஏறி இறங்கிப் போய்விடும், ஒன்றும் ஆகாது. அதற்கப்புறம் இரண்டும் நீளவாக்கில். அப்படியானால் உனக்குத் தெரியும். ஒன்றைச் சரியாக வைத்திருக்கிறாய், மற்றதை எப்படி வந்ததோ அப்படிப் போட்டுவிட்டுப் போய்விட்டாய். தெரியாமல் செய்தவனை மன்னிக்கலாம், தெரிந்தும் பாதியில் விட்டவனை என்ன செய்வது. மறுபடி ஏறினாள். மறுபடி மிதித்தாள். இப்போது பச்சையைப் பார்த்தாலே கண் கம்பியைத் தேடியது. நாலாவது. ஐந்தாவது. ஆறாவது, இங்கேதான், இதே இடம்தான், ஆஸ்பத்திரி முக்குக்குப் போகிற வளைவு, இங்கேதான் விழுந்தாள். சத்தம் கேட்டதும் நான் என்ன செய்தேன். திரும்பிப் பார்த்தேனா. திரும்பவில்லை. திரும்புவதற்கு முன்னால் திட்டினேன். சனியனே, ஒழுங்காக் கட்டத் தெரியாதா, புதுச் சரக்கெல்லாம் போச்சே. அதைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் திரும்பினேன். அன்னக்கொடி அதைக் கேட்டாளா. இதுவரை கேட்டதாகச் சொன்னதில்லை. கேட்கவில்லை என்றும் சொன்னதில்லை. அந்தச் சம்படத்து மூடி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. ஏழாவது. எட்டாவது.

ஆஸ்பத்திரி முக்கில் பச்சை முடிந்தது. மரத்தடியில் சைக்கிளை ஸ்டாண்டு போட்டாள். நவநீதன் பேனாவைத் திறந்து, “சொல்லுங்கம்மா, எப்படி இருக்கு?” என்றான். தனபாக்கியம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நெஞ்சு முழுக்கப் பஸ் ஒதுங்கின சந்தோஷம், வயிறு முழுக்க ஏழு கம்பி மூடி. ஆனால் எதிரே ஒரு ஆள் நின்று எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டான். அதற்குப் பதில் சொல்ல அவளுக்கு மனசு தேவைப்பட்டதே இல்லை. நாக்கே போதும்.

“இதெல்லாம் ஒரு பெயிண்டா தம்பி? ரெண்டு மழை தாங்குமா? கோணலாப் போட்டிருக்கு கோடு. படத்துல சைக்கிளுக்குக் கேரியரே இல்ல, கேரியர் இல்லாத சைக்கிளை எவன் ஓட்டுவான்? வெயிலுக்குக் கண்ணு கூசுது. ஸ்டாப்புல பெஞ்சு நிக்குது. கம்பி மூடி மேலயெல்லாம் பெயிண்டை அப்பியிருக்கீக. அகலமும் போதாது.” அகலம் போதாது என்று சொல்லும்போது அவளுக்கே கூசியது, ஆனாலும் சொன்னாள். கடைசியில் எப்போதும் ஒன்றைக் கூடுதலாகச் சொல்ல வேண்டும், அதுதான் எதிராளி விட்டுக்கொடுக்கிற இடம். சொல்லிவிட்டுக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் இறங்கி வருவதற்காகக் காத்திருந்தாள். சரிம்மா, இதைச் செய்கிறேன், அதை விட்டுவிடுங்கள், என்பான். அப்புறம் இவள் ஒரு படி இறங்குவாள். அப்புறம் அவன். ஆனால் அவன் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினான். எழுதி முடித்துப் பேனாவை மூடினான். தனபாக்கியம் எட்டிப் பார்த்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள், ஒவ்வொன்றாகத்தான் வந்தது. ப-ய-னா-ள-ர். முற்றிலும். திருப்தி-யின்மை. பாதை வேண்டாம் எனத் தெரிவித்தார்.

“ஏன் தம்பி, வேணாம்னு நான் எப்பச் சொன்னேன்?”

“இவ்வளவு குத்தம் சொன்னீங்களேம்மா.”

“குத்தம் சொன்னா வேணும்னுல்லய்யா அர்த்தம்! வேணாம்னா ஒரு வார்த்தை பேசாமப் போய்க்கிட்டே இருப்பேன்ல! உங்க வீட்டுல யாரும் கடையில போய்த் துணி எடுத்ததே இல்லையா?”

“ஆன்லைன்ல வாங்குவோம்மா” என்றான் நவநீதன், பாவமாக.

பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. யாரை, அவனையா, தன்னையா. முப்பத்தோரு வருஷம் சோறு போட்ட நாக்கு ஒரு நிமிஷத்தில் அன்னக்கொடியின் கோட்டைக் கறுப்படித்துவிட்டது. பத்து மணிக்கு மேசை மேல். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பாள், ரோடு பழைய ரோடாக இருக்கும், ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள், சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவாள், அதோடு சரி, அப்புறம் எந்தக் கரண்டியால் எந்தப் பேசினைத் தட்டினாலும் வெளியே வர மாட்டாள். சொல்லிவிடு, தனம். உள்ளதைச் சொல்லிவிடு. அது ஒரு வார்த்தைதானே. சின்ன வார்த்தை. ஊரில் எல்லோரும் காபிக்கும் கத்தரிக்காய்க்கும் சொல்கிற வார்த்தை. சொன்னால் இவன் சேலையைப் பின்னால் இழுத்துக்கொள்வானோ, அப்படியானால் குக்கர் கொடு என்பானோ, வேண்டும் என்று தெரிந்துவிட்டால் பிறகு கையில் என்ன இருக்கிறது, வேண்டும் என்று காட்டினவளைத்தானே எல்லோரும் ஏமாற்றினார்கள், கட்டினவன் உட்பட. உதடு ஒட்டிக்கொண்டது. நாக்கு மேலண்ணத்தைத் தொட்டது, இறங்கியது, தொட்டது.

“நல்லாயிருக்கு தம்பி.”

“என்னம்மா? லாரி போகுது, கேக்கல.”

“நல்லாயிருக்குய்யா! பாதை நல்லாயிருக்கு! எனக்கு வேணும்!”

ஆஸ்பத்திரி வாசலில் இட்லிப் பொட்டலத்தோடு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். சொன்ன பிறகு ஒன்றும் குறைந்த மாதிரி இல்லை, சுமையை இறக்கின தோள் மாதிரி இருந்தது, இன்னொரு தடவை கூடச் சொல்லலாம் போல. “அகலமும் போதும். பொய் சொன்னேன். பஸ்ஸு ஒதுங்கிப் போச்சு தம்பி, நீயும் பார்த்தேல்ல, என் பொறப்புக்கு இன்னைக்குத்தான் ஒரு பஸ்ஸு ஒதுங்கியிருக்கு.”

நவநீதன் காகிதத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். “நம்பர் போட்ட ஃபாரம்மா, வேற கிடையாது. பேனாவுல வேற எழுதிட்டேன்.”

“அடி. அடிச்சு, பக்கத்துல என் கையெழுத்து. பேங்க்கு ஃபாரத்துலயே அப்படித்தான் செய்றாய்ங்க.”

அவன் அடித்தான். அவள் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். அவன் முகம் தெளிந்தது. “அப்ப முழுத் திருப்தின்னு டிக் அடிச்சு முடிச்சுடறேன்” என்று பேனாவைக் கட்டத்தின் மேல் கொண்டுபோனான். தனபாக்கியம் பேனாவோடு சேர்த்து அவன் கையைப் பிடித்தாள்.

“முழுசா இல்ல. பாதை வேணும். ஏழு மூடியையும் திருப்பி வைக்கணும். நான் முன்ன சொன்ன குத்தம் எல்லாத்தையும் தள்ளு. இது ஒண்ணு மட்டும் நெசம்.”

“அது டிசைன்மா. என் கையில இல்ல. குறிப்புன்னு கீழ அஞ்சு வரி விட்டிருக்கு பாருங்க, அதுல எழுதினா மேடம் பாத்துட்டு டிசைன் போட்டவருக்கு அனுப்புவாங்க.”

“யாரு அந்த ஆளு?”

“தெரியாதும்மா. பேர் இருக்காது. ஒரு ஸ்டாம்ப் மட்டும்தான் இருக்கும்.”

“அந்த ஆளுதான்யா எனக்கு வேணும். காலையில இருந்து அவன்கூடத்தான் பேசிக்கிட்டிருக்கேன். குடு பேனாவை.”

“நீங்க சொல்லுங்க, நான் ஆபீஸ் பாஷையில எழுதறேன்.”

“நீ எழுதுன லட்சணத்தைத்தான் இப்பப் பார்த்தேனே.” அட்டையை வாங்கிக் கவிழ்ந்திருந்த பேசினின் மேல் வைத்தாள். பேனா பிடித்து எத்தனையோ வருஷம். முதல் எழுத்து மலை மாதிரி பெரிதாக விழுந்தது, இரண்டாவது அதைவிடச் சிறிதாக வந்தது, மூன்றாவதிலிருந்து கை பழகிக்கொண்டது. ஆத்திரத்தில் அல்ல, அப்படி ஒரு வேகத்தில், காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தி எழுதினாள். அஞ்சு வரி போதவில்லை, ஓரத்தில் திரும்பி மேலே ஏறி எழுதினாள். நவநீதன் தோளுக்குப் பின்னாலிருந்து படித்துக்கொண்டே வந்தான்.

அய்யாவுக்கு, பாதை நல்லாயிருக்கு. நான் யாருக்கும் இப்படிச் சொல்றதில்லை. ஆனா மொத மூடிய மட்டும் சரியா வச்சிட்டு மத்த ஏழையும் தப்பா வச்சி அது மேல பச்சையும் அடிச்சி மறச்சிட்ட. போன ஐப்பசியில ஓரமாப் போன்னு சொல்லி அன்னக்கொடிய அந்தக் கம்பிக்குள்ள அனுப்புனது நான். அது என் தப்பு, அத நான் அவகிட்ட நேராச் சொல்லிக்குவேன். கம்பி உன் தப்பு. திங்கக்கிழமை காலையில ஆறு மணிக்கு அவ மறுபடி ஏறுறா. இன்னும் ரெண்டு நாள் இருக்கு. நீ யாரா இருந்தாலும் சரி, எங்க இருந்தாலும் சரி, எந்திரிச்சு வந்து அந்த ஏழு மூடியையும் திருப்பி வை.